புள்ளிக்குக் காசில்லை

கும்பகோணம் வட்டாரத்திலேயே அதிகப் பிரதிகள் போன எழுத்தாளர் என் அப்பாதான். அவர் எழுத்து இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. படிப்பதற்கு மட்டும் கொஞ்சம் சிரமம். குடமென்றால் கழுத்தைத் திருப்ப வேண்டும், தாம்பாளமென்றால் விளிம்பைச் சுற்றி வர வேண்டும், டம்ளரென்றால் காலி செய்துவிட்டுக் கவிழ்க்க வேண்டும். அவருடைய இலக்கியத்தில் கதை குறைவு, பாத்திரங்கள் அதிகம்.

பெரிய கடைத் தெருவில் ஒரு பாத்திரக்கடை வாசலில் அவருக்கு ஒரு பலகை. கடைக்காரர் வாடகை வாங்கவில்லை. அதற்குப் பதிலாக, கடையில் வாங்கும் பாத்திரத்துக்கெல்லாம் அப்பா இனிஷியலை இலவசமாக வெட்டித் தர வேண்டும். இனிஷியலோடு நடையைக் கட்டும் சாமர்த்தியசாலிகள் நிறைய உண்டு. முழுப் பேர் வேண்டுமென்றால் எழுத்துக்கு ஐந்து பைசா. ‘கோ’ என்பது ஓரெழுத்தா மூன்றெழுத்தா என்று கோமளவல்லிகளோடு தினமும் வழக்கு நடக்கும். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் இலக்கணம் பேசி, ‘கோ’ ஒரே எழுத்துதான் என்று நிரூபித்து, பத்து பைசா மிச்சப்படுத்திக்கொண்டு போனார். அப்பா அதற்குப் பிறகும் மூன்று என்றே கணக்குப் போட்டார். உளிக்கு இலக்கணம் தெரியாது, தட்டுதான் தெரியும் என்பது அவர் கட்சி. ஆனால் மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளிக்குக் காசு வாங்க மாட்டார். உளியை வைத்து ஒரே தட்டு, அவ்வளவுதானே. “புள்ளிக்குக் காசில்லம்மா” என்று தாராளமாகச் சொல்வார். எங்கள் குடும்பத்தின் தான தர்மங்கள் அந்த ஒன்றோடு சரி.

பள்ளிக்கூட விடுமுறையில் நான் உதவியாளன். பலகையின் ஓரத்தில் ஒரு மரமுளை நீட்டிக்கொண்டிருக்கும். டம்ளரை அதில் கவிழ்த்து ஆடாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. அப்பா சாக்கட்டியால் பேரை எழுதிக்கொண்டு, சின்னச் சுத்தியால் டிக் டிக்கென்று தட்டிக்கொண்டே போவார். கை நடுங்கினால் எழுத்து கோணும். “நல்லாப் புடிடா. அவங்க பேத்தி பாக்கப் போற எழுத்து” என்பார். இதில் மட்டும் அவருக்கு எழுத்தாளர்களுக்கே உரிய மயக்கம் இருந்தது.

அப்போது எவர்சில்வர் வந்துவிட்டது. 1974ஐ எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு வெடித்தார்கள். அதே கோடை விடுமுறையில் எங்கள் வீட்டிலும் ஒன்று வெடித்தது. அம்மா, பாட்டி கொண்டுவந்த பித்தளை அண்டாவையும் இரண்டு குடங்களையும் தெருவில் வந்த பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டாள். தராசில் ஏறும்போது பூமி அதிர்ந்தது. பதிலுக்கு வந்தவை ஆறு டம்ளர், நாலு தட்டு, தூக்குச்சட்டி ஒன்று. எல்லாவற்றையும் ஒரே கையில் தூக்கி உள்ளே கொண்டுபோனாள். அப்பா ராத்திரி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. பாட்டியின் பேரை அந்த அண்டாவில் வெட்டியது தாத்தா.

அம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. பித்தளையென்றால் தினம் புளி போட்டுத் தேய்க்க வேண்டும். ஈயம் பூசுகிறவனுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பூச்சு போன பாத்திரத்தில் மோரை வைத்தால் களிம்பு ஏறும். எவர்சில்வருக்கு ஒரு பிடி சாம்பல் போதும். முகம் தெரிகிற மாதிரி மின்னும். உலகம் முழுக்க அதைக் ‘கறைபடாத எஃகு’ என்கிற பொருளில் இல்லாத குற்றத்தைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தமிழ்நாடு ‘என்றைக்கும் வெள்ளி’ என்று பேர் வைத்தது. வெள்ளி வாங்க வக்கில்லாதவர்கள்தான் அப்படிப் பேர் வைக்க முடியும்.

அப்பாவுக்கு அதைக் கண்டால் ஆகாது. “பித்தளை சொன்ன பேச்சு கேக்கும். இது எதுத்துப் பேசுது” என்பார். தட்டத் தட்ட இறுகும் உலோகம் அது. நாலு பேர் வெட்டுவதற்குள் உளி மழுங்கிவிடும். ஆனால் ஒன்றை அவரே ஒத்துக்கொண்டார். பித்தளையில் வெட்டிய பேரை இருபது வருடப் புளி தின்றுவிடும். எவர்சில்வரில் வெட்டினால் வெட்டினதுதான். அதன் காரணத்தை நான் வெகு காலம் கழித்துத்தான் படித்தேன். அந்த எஃகில் நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாமல் குரோமியம் இருக்கிறது. நல்ல ரகமென்றால் பதினெட்டு, கூட நிக்கல் எட்டு. குரோமியம் காற்றைக் கண்டதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலைப் போர்த்திக்கொள்கிறது. கீறினால், கீறிய இடத்தில் மறுபடி தோல் மூடிக்கொள்கிறது. அப்பா வெட்டிய ஒவ்வொரு எழுத்தும் காயம்தான், ஆனால் அப்பா சுத்தியைக் கீழே வைக்கும் முன்பே ஆறிவிட்ட காயம். இந்தியாவின் குரோமியத்தில் பெரும்பகுதி ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில் மண்ணாகத் தோண்டி எடுப்பது. 1980களின் தொடக்கத்தில் சேலத்திலேயே உருக்காலை தகடு உருட்டத் தொடங்கியதும், ‘சேலம் ஸ்டீலா?’ என்று கேட்காமல் எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒரு கரண்டியும் வாங்கவில்லை.

போட்ட பித்தளை எங்கே போனது என்று கேட்கிறீர்களா? பழைய பித்தளைக்கு எங்கள் பக்கத்தில் ஒரு நல்ல கதி உண்டு. பத்து கிலோமீட்டர் தள்ளி நாச்சியார்கோவில். அங்கே அதை உருக்கி, காவிரி வண்டலில் அச்செடுத்து, குத்துவிளக்கு வார்ப்பார்கள். அக்காவின் கல்யாணத்துக்கு அப்பா ஒரு ஜோடி விளக்கு வாங்கினார். பாட்டியின் அண்டாவே அதில் வந்திருக்கலாம் என்று அம்மா ஒரு தடவை சொன்னாள். வந்திருந்தால், போட்ட விலைக்குப் பல மடங்கு கொடுத்து மீட்டிருக்கிறோம்.

இது அந்தக் காலம். நான் அப்பா தொழிலுக்குப் போகவில்லை. ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் கோப்புகளின் ஓரத்தில் இனிஷியல் போட்டு ஓய்வுபெற்றேன். அப்பா கணக்கில் பார்த்தால் அவ்வளவும் இலவசச் சேவை.

மகள் டெல்லியில் இருக்கிறாள். போன குளிர்காலத்தில் அவளோடு இருந்தபோது, “அப்பா, உங்களுக்குப் புடிக்கிற ஒண்ணு காட்டறேன்” என்று சாகேத்துக்குக் கூட்டிப்போனாள். கோயிலாக இருக்கும் என்று குளித்துவிட்டுப் போனேன். மால். வாசலில் பையை உருட்டிவிட்டு, என்னைத் தடவிப் பார்த்து உள்ளே விட்டார்கள். துணிக்கடைகளைத் தாண்டிப் போனால், அந்த மாலுக்குள்ளேயே கிரண் நாடார் அருங்காட்சியகம். நுழைவுக் கட்டணம் கிடையாது. மாலில் காசில்லாமல் உள்ளே விடும் இடம் கழிவறைக்கு அடுத்து அது ஒன்றுதான்.

அங்கே, அண்ணாந்து பார்க்கிற உயரத்துக்கு, எவர்சில்வர்.

குடம், வாளி, தவலை, குண்டான், தூக்கு, டிபன் கேரியர், டம்ளர், கிண்ணம், தட்டு. ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு அடியில் அகலமாகக் கிளம்பி, நடுவில் தண்டாக ஒடுங்கி, மேலே குடையாக விரிந்து நிற்கிறது. 26 டன் எடை. சிற்பி சுபோத் குப்தா. 2008இல் செய்தது. மறு வருடம் லண்டன் டேட் பிரிட்டனில் வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் இங்கே வந்திருக்கிறது. எனக்கு முதலில் ஒரு ஆச்சரியமும் உண்டாகவில்லை. எங்கள் தெருவில் எந்தப் பாத்திரக்கடை வாசலிலும் இதே மாதிரிதான் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். கயிறு தெரியாமல் கட்டியிருக்கிறார் என்பதுதான் வித்தியாசம் என்று நினைத்தேன். மகள் சொன்னாள்: “கொஞ்சம் தள்ளி வந்து பாருங்கப்பா. அணுகுண்டு.”

தள்ளிப் போய்ப் பார்த்தேன். காளான் மேகம். பொக்ரானில் குண்டு நிலத்துக்கு அடியில் வெடித்ததால், 1974இல் நாங்கள் பார்க்க முடியாமல் போன அதே மேகம். ஒரு பெரிய கல்யாணத்துக்குச் சமைக்கிற அளவு பாத்திரம் ஒரே நொடியில் ஆகாசத்துக்குக் கிளம்பியது போல. பெயர் ‘எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு’. 1972 சிம்லா ஒப்பந்தத்தில் காஷ்மீரின் குறுக்கே போகிற கோட்டுக்கு வைத்த பெயரை இவர் பாத்திரத்துக்கு வைத்திருக்கிறார்.

சுபோத் குப்தா பாட்னாவுக்குப் பக்கத்தில் ககோல் என்கிற ரயில்வே ஊரில் 1964இல் பிறந்தவர். என்னைவிட இரண்டு வயது இளையவர். அவர் ஊரிலும் அம்மாக்கள் பித்தளையைப் போட்டு எஃகு வாங்கியிருப்பார்கள், சந்தேகமில்லை. எழுபதுகளில் நாங்கள் அலமாரியில் அடுக்கிவைத்து அழகு பார்த்ததை அவர் 2000த்துக்குப் பிறகு அருங்காட்சியகத்தில் அடுக்கினார். 2006இல் பாத்திரங்களாலேயே ஒரு மண்டையோடு செய்திருக்கிறார். பெயர் ‘வெரி ஹங்ரி காட்’, மகா பசிக்காரச் சாமி. மகள் போனில் காட்டினாள். வெனிஸில் பெரிய கால்வாய்க் கரையில், ஒரு மாளிகைக்கு முன்னால், தண்ணீரைப் பார்த்துப் பல்லிளித்துக்கொண்டிருந்தது. வாங்கியவர் பிரெஞ்சுக் கோடீஸ்வரர் பினோ. அவர் வீட்டில் யாரும் அதில் சமைக்கப்போவதில்லை.

பின்னாளில் குப்தா உபயோகித்து நசுங்கிய அலுமினியப் பாத்திரங்களையும் சிற்பத்துக்கு எடுத்துக்கொண்டார். 2012இல் கொச்சி பினாலேக்கு ஒரு கேரளத்துப் படகு நிறையக் கட்டில், பானை, தட்டுமுட்டுச் சாமான் என்று ஒரு குடித்தனத்தையே ஏற்றிவைத்தார். அது எனக்குப் பிடித்தது. ஆனால் சாகேத்தில் என் முன்னால் நின்றது கடையிலிருந்து நேராக வந்த சரக்கு. ஒரு நசுங்கல் இல்லை, ஒரு கீறல் இல்லை. பதினெட்டு-எட்டா, மட்ட ரகமா என்று காந்தம் வைத்துப் பார்க்கக் கை அரித்தது. மகள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த தாஜ்மகாலைக் கொண்டுவந்திருக்கலாம். கொண்டுவந்திருந்தாலும் பிரயோஜனமில்லை. நிக்கலுக்குப் பதில் மாங்கனீசு போட்ட மலிவு ரகத்திலும் காந்தம் ஒட்டாது. கும்பகோணத்தில் கைப்பையில் காந்தத்தோடு கடைக்கு வந்த மாமிகள் எத்தனை பேர் ஏமாந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம்தான் அந்தக் காரியம் செய்தேன். சிற்பத்தின் அடிப்பக்கம், எட்டுகிற உயரத்தில் ஒரு டம்ளர் சாய்ந்து நின்றது. குனிந்து, கழுத்தைத் திருப்பி, அதன் அடியைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பக்கத்தில் ஒரு தூக்கு. அதன் கழுத்திலும் ஒன்றுமில்லை. காவலாளி ஓடிவந்தார். தொடக்கூடாது என்றார். தொடவில்லை. எதைத் தேடுகிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் “நாம்” என்றேன். பேரைத்தான் தேடினேன். இந்தியில் பேருக்கு அதுதான் சொல். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். காவலாளி, பொறுமையான மனிதர், சுவரில் இருந்த அட்டையைக் காட்டி, அதோ பேர் என்றார். அவர் காட்டியது சிற்பியின் பேர். அதுவும் ஒரே ஒரு பேர். 26 டன் பாத்திரத்துக்கு ஒரே பேர் என்று சொன்னால் அப்பா அந்த இடத்திலேயே தொழிலை விட்டிருப்பார்.

“ஏன் பாத்திரத்துக்குக் ‘கோடு’ன்னு பேர் வெச்சாரு?” என்று மகளைக் கேட்டேன். அவள் படித்தவள், நிறையச் சொன்னாள். இந்தியா, பாகிஸ்தான், பசி, நுகர்வு. அந்த மண்டையோட்டுக் கதையும் சொன்னாள். பாரிஸில் சிலர் வீடற்றவர்களுக்கு இலவச சூப் ஊற்றினார்களாம். முஸ்லிம்கள் குடிக்கக் கூடாது என்று அதில் பன்றிக்கறியைப் போட்டார்களாம். அந்தச் செய்தியைப் படித்ததுதான் குப்தாவுக்கு அந்தச் சிற்பம் செய்யத் தூண்டுதலாம். “சாப்பாட்டுக்கு நடுவுலயே கோடு போட்டாங்கப்பா, அதான்” என்றாள்.

எனக்குப் பாரிஸ் வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை.

எழுபத்தேழு, எழுபத்தெட்டு இருக்கும். பக்கத்துக் கிராமம் ஒன்றில் டீக்கடை வைத்திருந்தவர் கடைக்கு வந்தார். ஊர்ப் பேர் வேண்டாம். அவர் கடையில் இரண்டு தினுசு டம்ளர் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். பெஞ்சில் உட்கார்கிறவர்களுக்கு எவர்சில்வர். சேரியிலிருந்து வருகிறவர்களுக்கு அலுமினியம். கூரையோரத்தில் செருகியிருக்கும், அவர்களே எடுத்து, குடித்து, கழுவிச் செருகிவிட்டுப் போக வேண்டும். இரட்டைக் குவளை என்று பிற்பாடு அதற்குப் பேர் வந்தது. 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டத்தை 1976இல் திருத்தி, பேரை மாற்றி, கெடுபிடி பண்ணியிருந்தார்கள். எங்கேயோ ஒரு டீக்கடைக்காரரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதாகவும் பேச்சு. இவர் பயந்துபோய், அலுமினியத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒரு டஜன் எவர்சில்வர் டம்ளர் வாங்கினார். எங்கள் பாத்திரக்கடைக்காரர்கூட, “காலம் மாறிப்போச்சு பாத்தியளா” என்று சந்தோஷப்பட்டார்.

டம்ளர்களை எங்கள் பலகைக்குக் கொண்டுவந்து, அதில் ஆறைத் தனியாக எடுத்து வைத்தார்.

“பேரெல்லாம் வேணாம். இந்த ஆறுக்கும் அடியில ஒரு புள்ளி போதும். வெளியில தெரியக் கூடாது. கழுவுற பயலுக்குத் தெரிஞ்சாச் சரி.”

அப்பா அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். எனக்குப் பதினைந்து வயது, புரியவில்லை என்று சொல்ல முடியாது. நான் முதல் டம்ளரை முளையில் கவிழ்த்தேன். டிக். இரண்டாவது. டிக். ஆறும் முடிய அரை நிமிஷம் ஆகவில்லை. அவர் சட்டைப் பையில் கை விட்டார். அப்பா வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னார், ஆனால் அவர் முகத்தைப் பார்க்காமல் உளியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். புள்ளிக்குக் காசில்லை. அவர் விடாமல் என் கையில் ஒரு பொறையைத் திணித்துவிட்டுப் போனார். நல்ல மொறுமொறுப்பு. தின்றேன்.

அப்பா அந்தப் புள்ளியைப் பற்றி அப்புறம் எப்போதும் பேசவில்லை. மறுத்திருக்கலாமே என்று வளர்ந்த பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். எளிதாக நினைக்கலாம். சுத்தி என் கையில் இல்லை. டம்ளர்தான் என் கையில் இருந்தது. அதையும் ஆடாமல்தான் பிடித்திருந்தேன்.

இப்போது அந்த ஊர் டீக்கடையில் எல்லாருக்கும் பேப்பர் கப். குடித்துக் கசக்கிப் போட்டுவிட்டுப் போகலாம். சட்டமும் இயக்கங்களும் படாதபாடுபட்டு அரைகுறையாகச் செய்ததை ஒரு மெல்லிய காகிதம் ஓசைப்படாமல் முடித்துவைத்துவிட்டது என்று என் தம்பி மகன் சொல்வான். நல்ல பையன். அங்கே பெஞ்சில் இப்போதும் யார் யார் உட்கார்கிறார்கள் என்று அவன் எண்ணிப் பார்த்ததில்லை.

பேர் வெட்டும் தொழில் ஒழிந்துவிட்டதாக நீங்கள் நினைத்தால் அதுவும் தப்பு. முதலில் உளி போய் மின்சாரப் பேனா வந்தது, ர்ர்ர் என்று பல் வைத்தியர் மாதிரி. இப்போது லேசர். டெல்லியில் என் பேத்தியின் எஃகுத் தண்ணீர்ப் புட்டியில் அவள் பேரை லேசரால் எழுதி வீட்டுக்கே அனுப்பியிருக்கிறார்கள். ஆறு ஆங்கில எழுத்து, முந்நூறு ரூபாய். எழுத்துக்கு ஐம்பது ரூபாய் என்று நான் மனசில் வகுத்துப் பார்ப்பதற்குள் அவள் இன்னொன்று காட்டினாள். ‘ஐ’ மேலே இருக்கும் புள்ளியை இதய வடிவத்தில் போட்டிருந்தார்கள். அதற்கு நாற்பது ரூபாய் தனி.

அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்ததும் மகள் காபி குடிக்கலாம் என்றாள். அதே மாலில் ஒரு கடை. ‘அசல் கும்பகோணம் டிகிரி காபி’. விலையைச் சொல்லி உங்கள் மனசைக் கெடுக்க விரும்பவில்லை. பித்தளை டவரா டம்ளரில் கொண்டுவந்து வைத்தார்கள். ஆமாம், பித்தளை. அம்மா எடைக்குப் போட்ட அதே ஜாதி. மேலே அலங்காரத்துக்கு ஒரு பரணில் பழைய பித்தளைக் குடங்களும் ஒரு அண்டாவும் வரிசையாக வைத்திருந்தார்கள். காரைக்குடிப் பக்கம் வாங்கியதாம். அண்டாவின் கழுத்தில் ஏதோ எழுத்து தெரிகிற மாதிரி இருந்தது. அவ்வளவு தூரத்தில் என் கண்ணுக்கு எட்டவில்லை. புளி தின்ற மிச்சம்.

காபி நன்றாகவே இருந்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். பாதி குடித்ததும் பழைய புத்தி வந்துவிட்டது. கவிழ்த்தால் சிந்தும். அதனால் டம்ளரை முகத்துக்கு மேலே தூக்கி, அடியைப் பார்த்தேன். பரிமாறிய பையன், நான் எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கிற ஆசாமி என்று நினைத்திருப்பான். பவ்யமாக ஓரடி விலகி நின்றான்.

அடியில் பேர் இல்லை. வட்ட வட்டமாகக் கடைசல் கோடுகள். நட்டநடுவில் ஒரு புள்ளி.

“என்னப்பா?” என்றாள் மகள்.

கடைசல் பிடித்த புள்ளிதான், யாரும் வெட்டியதில்லை என்று சொன்னேன். அவளுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று விளங்கவில்லை. அவள் டம்ளரையும் வாங்கிப் பார்த்தேன். அதிலும் இருந்தது.